பூசணிக்காய் உடைத்த பிறகு

2024 ஜூலை கடைசி. தங்கச்சிமடத்துக்கு வடக்கே, கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்த ஒரு சாயங்காலத்தில் பூசணிக்காய் உடைத்தோம். சினிமாவில் படப்பிடிப்பு முடிந்ததற்கு அதுதான் அடையாளம். 24 நாள் வேலை, 16 பேர் யூனிட், நடித்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கரைக்காரர்கள். கட்டிப்பிடித்து அழுதவர்கள் அழுது முடித்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் வேன் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டது. வேனில் இருந்தபடியே வீட்டுக்குப் போன் செய்து, படம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அது முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

அந்த ஒன்றரை வருஷத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். நான் அந்தப் படத்தின் இணை இயக்குநர். பூசணிக்காய்க்குப் பிந்தைய வேலைகள் எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. சொந்தச் சேமிப்பும் நண்பர்கள் கொடுத்த பணமுமாக எடுத்த படம். முதல் படம் எடுக்கப்போகிறவர்கள் என்னிடம் கேமரா பற்றிக் கேட்கிறார்கள், பட்ஜெட் பற்றிக் கேட்கிறார்கள். எடுத்து முடித்த பிறகு என்ன ஆகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் இடறியதெல்லாம் அங்கேதான்.

கதை சின்னது. கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா, விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒரு தம்பி, 2018இல் நடக்கிறது. அக்காவாக நாடகத்திலிருந்து வந்த ஒரு நடிகை. தம்பியாக நடித்தவர் உண்மையிலேயே விசைப்படகுக்குப் போகிறவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அதனால் தீவுக் காட்சிகளைக் கைவிட்டு, பாசி எடுப்பதை மண்டபம் பக்கத்து ஆழமில்லாத கடலிலேயே எடுத்தோம். தனுஷ்கோடிக்கும் போகவில்லை. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். இப்போதும் ஆள் குடியிருக்கிற தெருவை எடுக்க வேண்டும் என்பதில் இயக்குநர் உறுதியாக இருந்தார். அந்த முடிவை இன்றைக்கும் மதிக்கிறேன்.

கடலுக்கும் தொடர்ச்சி உண்டு

அக்டோபரில் முதல் வெட்டு முடிந்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. தம்பி ஏறிய படகு கிளம்புகிறது, அக்கா கரையில் நிற்கிறாள். அவள் பார்வையிலிருந்து படகு போகும் ஷாட் எங்களிடம் இல்லை. அன்றைக்கு வெளிச்சம் போய்விட்டதால் நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளி, அந்த நாளை வராமலே போயிருந்தது. சரி, இரண்டு ஷாட்தானே, டிசம்பரில் போய் பேட்ச் ஒர்க் எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால் அது நாங்கள் விட்டுவந்த கடல் இல்லை. ஜூலையில் கண்ணாடியாகக் கிடந்த இடத்தில் கலங்கிய தண்ணீர் கரையை அடித்துக்கொண்டிருந்தது. உடையைப் பார்த்தோம், நெற்றிப்பொட்டைப் பார்த்தோம், கடலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தத் தீவுக்காரர்களுக்கு இது பால்வாடிப் பாடம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், நிலம் மறைப்பதால் வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். வடகடல் கலங்கும், தென்கடல் சாதுவாகிவிடும். ஒரே தீவு, நடந்துபோகும் தூரத்தில் இரண்டு கடல்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குணத்தை மாற்றிக்கொள்கின்றன.

அப்படியென்றால் ஜூலை மாத வடகடலை டிசம்பரில் தென்கடலில் எடுக்கலாமா? முடியும் என்றார் ஒளிப்பதிவாளர். ராத்திரி முழுக்கத் தாளில் போட்டுப் பார்த்தார். இந்தக் கரை 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே போய்விடும். ஆக ஜூலையில் வடக்கே பார்த்து வைத்த கேமராவுக்கு வெளிச்சம் எதிரிலிருந்து வந்திருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே. தெற்குப் பார்த்து வைத்தாலும் வெளிச்சம் எதிரிலிருந்துதான் வரும். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். வடக்கே பார்த்து நின்றால் கிழக்கு வலது பக்கம், தெற்கே பார்த்தால் மேற்குதான் வலது பக்கம். அதனால் காலைக் காட்சியை மாலையில் எடுத்தோம். பாம்பன் தெற்குவாடியில், வெயில் சாயும் நேரத்தில், படகு போவதைப் பார்க்கும் அக்காவின் வலது கன்னத்தில் அதே வெளிச்சம் விழுந்தது. சூரியன் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு ஷாட்டையும் அரை நிமிஷத்துக்குள் முடித்தோம். நீரின் நிறத்தில் இருந்த மிச்ச வித்தியாசத்தை டி.ஐ. எனும் நிறச் சீரமைப்பில் சரிசெய்தார்கள். படம் பார்த்த யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவர் பிறகு வருகிறார்.

ஓடாத ரயிலின் சத்தம்

2018இல் நடக்கும் கதை என்றேன் இல்லையா. அப்போது பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1914இல் திறந்த பாலம். 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் எடுக்கப்போனபோது பக்கத்தில் புதுப்பாலம் எழும்பிக்கொண்டிருந்தது, அது திறந்தது 2025 ஏப்ரல் 6இல். ஆக எங்கள் படத்துக்கு வேண்டிய ரயில், இரண்டு பாலத்திலும் இல்லை.

காட்சியில் பாலத்தைக் காட்டாமல் தவிர்த்துவிட்டோம். ஆனால் அக்கா ராத்திரி விழித்துக் கிடக்கும்போது தூரத்தில் ரயில் பாலம் ஏறும் சத்தம் கேட்க வேண்டும். சவுண்ட் லைப்ரரியில் ரயில் சத்தம் நூறு இருக்கும். ஒன்றும் ஒட்டவில்லை. பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும், கீழே தண்ணீர், சுற்றி வெட்டவெளி. தடதடப்பு இல்லாமல் இழுத்து இழுத்து வருகிற ஒரு முனகல் அது. கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் அது வந்தது ஒரு டீக்கடைக்காரரின் பழைய போனிலிருந்து. பாலத்தைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பிள்ளைகளை அவர் எடுத்த வீடியோ, பிள்ளைகளின் கத்தலுக்குப் பின்னால் முழுசாக ஒரு ரயில். எங்கள் ஒலி வடிவமைப்பாளர் அதிலிருந்து பதினோரு விநாடியைச் சுத்தம் செய்து எடுக்க நான்கு நாள் உட்கார்ந்தார். இனி யாரும் போய்ப் பதிவுசெய்ய முடியாத சத்தம் அது. படத்தின் நன்றிப் பட்டியலில் அந்தக் கடைக்காரரின் பெயரை இயக்குநர் பெயருக்கு அடுத்தபடியாகப் போட்டோம்.

வாடையும் கச்சானும்

டிசம்பர் பயணத்தில் நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம், ரஃப் கட்டைக் கையோடு கொண்டுபோனது. ஒரு வீட்டு டிவியில் போட்டோம். முப்பது பேர் இருப்பார்கள், நடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும். இசை இல்லை, கலர் இல்லை, நடுவில் ‘இங்கே ஷாட் வரும்’ என்று எழுத்து வேறு. அதற்கெல்லாம் அவர்கள் கவலைப்படவில்லை. தம்பி ஒரு இடத்தில், “வாடைக்குப் பயந்தா பொழைக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டுப் படகைத் தள்ளுவான். வீடே சிரித்தது.

எனக்குப் புரியவில்லை. ஒரு பெரியவர்தான் சொன்னார். “தம்பி, கடல் தூங்கிக்கிட்டு கெடக்கு. இதுல எங்கெருந்துப்பா வாடை வந்துச்சு? அது கச்சான்.”

வசனத்தைச் சென்னையில் உட்கார்ந்து எழுதினோம். நடித்தவர் படப்பிடிப்பிலேயே தவறு என்று தெரிந்தும் சொல்லாமல் பேசியிருக்கிறார், ‘நீங்க எழுதினது, நான் எப்படி மாத்துறது’ என்று. அது அவருடைய கூச்சம் இல்லை, நாங்கள் ஒத்திகையில் ஒருமுறைகூட அவரிடம் கேட்காததன் விளைவு. அதே பெரியவர்தான், பின்னால் முழுப்படம் பார்த்தபோது, தெற்குவாடி ஷாட்டைப் பார்த்ததும், “இது அந்தப் பக்கத்துக் கடலாச்சே” என்றார். அலை கரையில் மடங்குகிற விதத்தை வைத்துச் சொன்னாராம்.

எடிட்டிங்கை இறுதியாக்கி லாக் செய்வதற்கு முன்னால் ஊருக்குக் காட்டியதால் இது டப்பிங்கில் தீரக்கூடிய பிழையாக இருந்தது. அவன் முகம் திரும்பியிருந்தது, ‘வாடைக்கு’ ‘கச்சானுக்கு’ ஆகும்போது ஒரு அசை கூடினாலும் தெரியாது. ஜனவரியில் தம்பியாக நடித்தவரைச் சென்னைக்கு வரவழைப்பதாக ஏற்பாடு. காற்றடித்து வீணாகிப்போன வேறு எட்டு வசனமும் அவர் பேச வேண்டியிருந்தது.

ஜனவரியில் அவர் வரவில்லை. அவர் போன விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, ஆட்கள் அக்கரையில் காவலில் இருந்தார்கள். ராமேசுவரம் கரையில் இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அடுப்பு எரிவது அவர் ஒவ்வொரு தடவையும் கடலுக்குப் போய்வருவதில்தான்.

எங்களுக்குள் சண்டை வந்தது. வேறு குரல் போட்டு முடிக்கலாம் என்றார்கள் சிலர். ஒரு திரைப்பட விழாவின் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் நல்ல டப்பிங் கலைஞர்கள் இருக்கிறார்கள், ராமநாதபுரத்துப் பேச்சையும் பேசுவார்கள். இயக்குநர் மறுத்துவிட்டார். மனிதர் அங்கே அடைபட்டுக் கிடக்கும்போது இங்கே அவர் வாயில் இன்னொருவர் குரலை வைப்பது எனக்கும் ஒப்பவில்லை. காத்திருந்தோம், விழாத் தேதி போனது. அந்த மாதங்களில் நாங்கள் அவர் வீட்டுக்கு அனுப்பிய பணம் கொஞ்சம்தான். இன்னும் அனுப்பியிருக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்து சில வாரம் ஆன பிறகு, மே மாதம், நாங்களே போனோம். ஸ்டுடியோ வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல், கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோப்பில் காரை நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஏற்றி, உள்பக்கம் கம்பளி தொங்கவிட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பதிவுசெய்தோம். காருக்குள் எதிரொலி கிடையாது, கையில் காசில்லாதவர்களுக்கு அதைவிட நல்ல டப்பிங் அறை அமையாது. வேர்த்து ஊற்றியது. மடிக்கணினியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்பது வசனத்தையும் பேசினார். “கச்சானுக்குப் பயந்தா பொழைக்க முடியுமா?” என்பதை மூன்று தடவை பேசச் சொன்னோம். மூன்றாவது தடவை குரல் இறங்கிவிட்டது. அதைத்தான் படத்தில் வைத்திருக்கிறோம்.

படகின் எண்

அந்த மே பயணத்தில்தான் இன்னொன்றும் தெரியவந்தது. எங்களுக்கு நாட்டுப்படகு கொடுத்த அண்ணன் டிசம்பரிலும் எங்களைப் பார்க்க வரவில்லை, இப்போதும் வரவில்லை. கடலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அவர் மனைவிதான் சொன்னார்.

படத்துக்காக அந்தப் படகின் முன்பக்கத்தை வெள்ளையடித்து, கதையில் வருகிற பெயரை எழுதியிருந்தோம். அடியில் இருந்த பதிவு எண் மறைந்துவிட்டது. முடிந்ததும் பழையபடி எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தோம். பூசணிக்காய் உடைத்த அன்றைக்கே வேன் ஏறிவிட்டோம். அடுத்த மாதம் கடலில் ஒரு சோதனையில் எண் எங்கே என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 1983இலிருந்து தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, எண் இல்லாத படகை யாரும் சும்மா விடமாட்டார்கள். அலைந்து திரிந்து விளக்கம் சொல்லி, இரண்டு நாள் பிழைப்பு போய், பக்கவாட்டில் தன் கையாலேயே எண்ணை எழுதிக்கொண்டு தொழிலுக்குப் போயிருக்கிறார். முன்பக்கத்தில் எங்கள் கதைப்பெயர் அப்படியே இருந்தது. பத்து மாதமாக அவர் யாரோ ஒரு கற்பனைப் பாத்திரத்தின் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோபமாகக்கூடப் பேசவில்லை அந்த அக்கா. “எங்க படகுல பங்கு பிரிக்காம யாரும் கரையை விட்டுப் போறதில்ல தம்பி. நீங்க அவசரத்துல போயிட்டீங்க” என்றார்.

அன்று ராத்திரி நானும் இயக்குநரும் ஒரு நோட்டு வாங்கி எழுதினோம். கேட்டுக் கேட்டு எழுத, அது நான்கு பக்கம் போனது. மளிகைக் கடையில் நாங்கள் மறந்துபோன 4,200 ரூபாய். அக்கா கதாபாத்திரத்துக்காக வாங்கிய இரண்டு சேலை, சென்னையில் ஏதோ ஒரு பெட்டியில். உடைத்துவிட்டு வந்த ஒரு கட்டில். போட்டோ தருவதாகச் சொன்ன ஒன்பது குடும்பங்கள். பாசி எடுக்கும் பெண்கள் நாலு பேருக்கு, ‘படம் வித்ததும் தர்றோம்’ என்று சொன்ன பாதிச் சம்பளம்.

படம் விற்றதும் தருகிறோம் என்ற வாக்கை சுயாதீனப் படம் எடுக்கிற எல்லோரும் கொடுக்கிறோம். சினிமாவில் இருக்கிறவர்களிடம் அதைச் சொல்லலாம், விற்காமலும் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். கடலில் ஒரு நாள் பாசி எடுப்பதை விட்டுவிட்டு வந்து நின்ற பெண்ணிடம் அதைச் சொன்னது தப்பு. அன்றன்றைக்குக் கொடுத்து முடிக்க முடியாத சம்பளத்துக்கு அவர்களை அழைத்திருக்கவே கூடாது. ஆட்கள் குறைந்தால் காட்சியைக் குறைத்திருக்கலாம்.

மற்ற வேலைகள்

மிக்சிங், டி.ஐ., தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதியான டி.சி.பி. எல்லாம் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் முடிந்தன. அவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, காசு இருந்தால் நடக்கும். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, உப்புக்காற்று. மூன்று பிரதி வைத்திருந்தோம், அதில் கரையிலேயே வைத்திருந்த ஒரு ஹார்டு டிஸ்கின் முனை பச்சை பூத்துச் செத்துப்போனது. ஒரு பிரதியை மூன்றாம் நாளே பஸ்ஸில் சென்னைக்கு அனுப்பியது எங்களைக் காப்பாற்றியது.

இன்னொன்று, தணிக்கை. ஆட்டுக்கும் நாய்க்கும் விலங்கு நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருந்தோம். வலையில் துடிக்கிற மீனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதர் அல்லாத எந்த உயிரும்தான். அது அன்றாடத் தொழிலில் பிடித்த மீன், படத்துக்காகப் பிடித்ததில்லை என்று காட்டக் கடிதம், விளக்கம், படங்கள் என்று ஒரு மாதம் போனது. கடல் படம் எடுக்கிறவர்கள் இதைக் கதை எழுதும்போதே கணக்கில் வையுங்கள். 2024 விதிகளுக்குப் பிறகு யூ/ஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது, எங்களுக்குக் கிடைத்தது 13 வயதுக்கானது.

கையை விட்டு எடுப்பது

டி.சி.பி. வந்த பிறகும் இயக்குநர் டைம்லைனைத் திறந்துகொண்டே இருந்தார். இங்கே நான்கு ஃபிரேம், அங்கே ஒரு மூச்சுச் சத்தம். நான்கு விழாக்கள் மறுத்தன, ஒன்று எடுத்துக்கொண்டது. திரையிட்டார்கள், கைதட்டினார்கள், கேள்வி கேட்டார்கள். திரும்பி வந்து மறுபடியும் திறந்தார். அடுத்த கதையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். அவருக்கு அது படத்தின் மேலிருந்த ஆசை என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. படத்தில் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை. சரிசெய்ய வேண்டியது அந்த நான்கு பக்க நோட்டில் இருந்தது. அங்கே போக வெட்கப்பட்டு, கை எட்டுகிற டைம்லைனைத் தடவிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு டைம்லைனுக்குப் பதில் விழாக்களுக்கான விண்ணப்பங்கள்.

பிறகு செய்தது எளிது. அவர் இரண்டு விளம்பரப் படங்களுக்குப் போனார், நான் ஒரு தொடரில் வேலை பார்த்தேன். வந்த பணத்தில் நோட்டில் ஒவ்வொரு வரியாக அடித்தோம். பாசி எடுக்கும் அக்காக்களுக்கு முதலில், மளிகைக்கடைக்கு அடுத்து. சேலைகளைத் துவைத்துப் பெட்டி போட்டு அனுப்பினோம். போட்டோக்களைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். மாஸ்டர், ஒலித்தடங்கள், வசனம் இல்லாத தடம், சப்டைட்டில் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை நண்பர் வீட்டுக்கும் ஒன்றை என் ஊருக்கும் அனுப்பிவிட்டோம். இயக்குநரின் கணினியில் அந்தப் படம் இப்போது இல்லை. அதை அழித்த நாளில் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நவம்பரில் எனக்கு ஆறு பக்கம் அனுப்பினார், புதுக் கதை. நோட்டை முடித்ததால்தான் எழுத வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வரிசையில் நடந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

படகு மட்டும் பாக்கி. பெயின்டுக்குப் பணம் அனுப்புகிறோம் என்று மே மாதமே சொன்னோம். படகுக்காரர் வாங்கவில்லை, படகைக் கரையேற்றினால்தானே அடிக்க முடியும் என்றார். வாடை வந்து வடகடல் தொழிலுக்கு ஆகாத நாட்களில்தான் படகை மேலே ஏற்றுவார்கள். 2026 ஜனவரியில் போன் வந்தது. நாங்கள் இருவரும் மட்டும் பஸ்ஸில் போனோம்.

மணலில் படகு கிடந்தது. அவரும் அவர் மகனும் எங்கள் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் உப்புத்தாள் வாங்கித் தேய்த்தோம். மதியத்துக்குள் எங்கள் எழுத்துக்கு அடியிலிருந்து அவருடைய படகின் பெயர் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது, அவர் அம்மாவின் பெயர். அதன் மேலேயே இயக்குநர் தூரிகை பிடித்து எழுதினார். எண்ணை நான் எழுதினேன், அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல.

எழுதி முடித்ததும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பார்த்தார். “இன்னொரு கோட்டு அடிக்கணும் தம்பி, உப்புல நிக்காது” என்றார்.

டப்பாவில் பெயின்ட் தீர்ந்திருந்தது. இயக்குநர் அவர் மகனின் பைக்கில் ஏறி, அரை லிட்டர் வாங்கத் தங்கச்சிமடத்துக்குப் போனார்.